வலையா, மணலா, மலையா: கீழக்கரையில் இருந்தபடி கோல்ஃப் ஸ்விங்கை மீட்பது

பரணில் பதினேழு வருஷம் கிடந்த கோல்ஃப் பையை இறக்கிக் கவிழ்த்தபோது முதலில் விழுந்தது இரண்டு பல்லி முட்டை ஓடு, அப்புறம் துருவேறிய ஒரு வெட்ஜ் மட்டை. துபாயில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஆடியவன் நான். அந்த வட்டாரத்தில் முழுக்கப் புல் போட்ட முதல் மைதானம் 1988-இல் திறந்த எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப். அதன் வேலியோரமாக பஸ்ஸில் போனதோடு சரி. எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்தது மணல் மைதானம். பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு துண்டு செயற்கைப் புல்லைக் கையோடு தூக்கிக்கொண்டு நடப்போம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து உருட்டிய மணல் இருக்கும். அதற்கு ‘கிரீன்’ என்று பேரில்லை, ‘பிரவுன்’.

28 வயதில் விட்டது, இப்போது 45. பிடியைக் கை மறக்கவில்லை, திரும்புவதை இடுப்பு மறந்துவிட்டது. எங்கள் கரையில் நினைத்தால் போய் ஆடுகிற மாதிரிப் புல் மைதானம் கிடையாது. அதனால் மொட்டைமாடியில் வலை, கடற்கரை மணல், கொடைக்கானல் மைதானம், செல்போன் வழியே கோச் என்று நான்கு வழிகளையும் ஒரு வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். செலவும் தூரமும் இருக்கட்டும், நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். அடித்த அடி எப்படிப்பட்டது என்பதை எது ஒளிக்காமல் காட்டுகிறது? இருபது வயதில் தப்பாக ஆயிரம் பந்து அடித்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். இந்த வயதில் ஐம்பதாவது பந்திலேயே முழங்கை கணக்குக் கேட்கும்.

மாடி வலை

வலையில்தான் தொடங்கினேன், எங்கள் ஊரில் சல்லிசாகக் கிடைக்கிற பொருள் அதுதானே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை வேலை பார்ப்பவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு தம்பியிடம் கழித்துப் போட்ட இழுவலையின் மடிப் பகுதியைக் கேட்டேன்.

“என்ன காக்கா, மாடியிலயா மீன் பிடிக்கப் போறீங்க?”

எங்கள் பக்கம் ‘காக்கா’ என்றால் அண்ணன். விஷயத்தைச் சொன்னேன். கோல்ஃப் பந்து குறைந்தது 42.67 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும், எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கையில் இருந்த பந்தைக் கண்ணியில் அழுத்திப் பார்த்துவிட்டு, “இது தாங்கும். ஆனா விறைப்பாக் கட்டிராதீங்க. விறைச்ச வலையில மீனும் நிக்காது, பந்தும் நிக்காது” என்றான். வீட்டுக்கு வந்து நான் விறைப்பாகத்தான் கட்டினேன், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று. முதல் பந்து போன வேகத்தில் திரும்பி வந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பெயர்த்தது. மறுநாள் மேல் கயிற்றில் மட்டும் கட்டி, ஒன்றரை மடங்கு துணி சுருங்கி நிற்கிற திரைச்சீலை மாதிரித் தொங்கவிட்டேன். அடிப்பக்கம் தரையில் கொஞ்சம் படுத்துக் கிடக்கட்டும். அதற்கப்புறம் ஒரு பந்துகூடத் திரும்பவில்லை.

ஆனால் வலைக்கு முன்னால் நின்றால் எல்லா அடியும் நல்ல அடியாகத் தோன்றும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மோதுகிற நொடியில் கிளப்பின், அதாவது அடிக்கிற மட்டையின், முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். அப்புறம் அது வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைவது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வீசிப் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். வலை பத்தடியில் இருக்கிறது, வளைவு தெரிவதற்குள் பந்து நின்றுவிடும். மைதானத்தில் நாற்பது கெஜம் வலப்பக்கம் ஓடிப் புதருக்குள் போகிற ஸ்லைஸும், நேராகப் போகிற பந்தும் இங்கே ஒரே ‘தொப்’ சத்தம்தான்.

அதைவிட மோசம் காலடியில் போடுகிற மேட். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் இடித்தால் புல்லில் கிளப் புதைந்து நிற்கும், பந்து பக்கத்திலேயே விழும். மேட்டில் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும். நாமும் ‘பரவாயில்லையே’ என்று அடுத்த பந்தை வைப்போம். மேட்டுக்கு அடியில் கான்கிரீட் தளம், அடிக்கு அடி அதிர்ச்சி கைக்கு ஏறும். மூன்றாவது வாரம் என் வலது முழங்கையின் உட்புறம் வலிக்க ஆரம்பித்தது. டீ கிளாஸைத் தூக்கினால்கூடச் சுருக்கென்றது. ஆறு வாரம் கிளப்பைத் தொடவில்லை.

வலையால் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு. வலையின் நடுவில், பந்துக்கு நேராக ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால், பந்து அதற்கு எந்தப் பக்கம் படுகிறது என்பதை வைத்துக் கிளப் முகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, கிளப் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடரைத் தடவி அடித்தால் பந்து பட்ட இடத்தில் வட்டம் விழும். என்னுடைய வட்டம் எல்லாம் குதிகால் பக்கமே, அதாவது தண்டு வந்து சேருகிற ஓரத்திலேயே, விழுந்து கிடந்தன. பவுடர் டப்பா மாடிக்குப் போனது எப்படி என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

வெறும் மணல்

ஃபஜ்ர் தொழுதுவிட்டு பைக்கை எடுத்தால், ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் போகிற வழியில் ஆளில்லாத மணல் நிறைய. பழைய ஏழாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) ஒன்று போதும், பந்துகூட வேண்டாம். அலை வந்து போன ஈரமும், கால் புதையாத இறுக்கமும் உள்ள பட்டை ஒன்று கரையோரம் கிடைக்கும். மன்னார் வளைகுடாவில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் பட்டை அகலமாக இராது, ஒருவன் நின்று வீச இடம் உண்டு.

கிளப் நுனியால் கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு கோடு. கரையோரமாக நீள அடிப்பது போல நின்றுகொண்டு, கோடு இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கோடுதான் பந்து. வீசிவிட்டு மணலில் விழுந்த தடத்தைப் பாருங்கள். தடம் கோட்டிலோ அதைச் சற்றுத் தாண்டியோ தொடங்கிக் குறியின் பக்கமாகப் போனால் புல்லிலும் பந்து சுத்தமாகக் கிளம்பும். நல்ல ஆட்டக்காரர்கள் அயர்ன் அடிக்கும்போது வீச்சின் ஆக அடியான இடம் பந்தைத் தாண்டி மூன்று, நான்கு அங்குலத்தில் இருக்கும். எனக்கு முதல் நாள் இருபது வீச்சில் பதினான்கு கோட்டுக்குப் பின்னால், நாலு விரற்கடைக்குக் குறையாமல். மாடியில் மூன்று வாரம் ‘பரவாயில்லை’ என்று நினைத்துக்கொண்டிருந்தவை எல்லாம் இந்த அடிகள்தான்.

தடம் இன்னொன்றையும் காட்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு அது குறியை விட்டு இடப்பக்கம் சாய்ந்து போனால், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நடுவயதில் திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கும் என்பது என் கணிப்பு. உட்கார்ந்தே வேலை பார்த்து இடுப்பு இறுகிப் போயிருக்கும், அது திரும்பாததால் தோளும் கையும் முந்திக்கொள்ளும். சின்ன வயதில் கிட்டிப்புள்ளும் கிரிக்கெட்டும் ஆடிய கை வேறு, பந்தைத் தூக்கிவிடப் பார்க்கும். வலையின் சிவப்புத் துணி முகத்தைச் சொல்கிறது, மணல் தடம் பாதையைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் பந்து எப்படி வளைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் மணலைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வலை கொடுத்த அதே தம்பி தோளில் வீச்சுவலையோடு அந்தப் பக்கம் வந்தான். முழங்கால் தண்ணீரில் நின்று அவன் வீசியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வலையின் ஒரு பகுதி இடது தோளில், மீதி இரண்டு கையில். உடம்பு மொத்தமும் பின்னால் திரும்பி, கனம் பின்காலில் இறங்குகிறது. திரும்பி வரும்போது முதலில் அசைவது முன்கால், அடுத்தது இடுப்பு. கை அதுவரை பின்னாலேயே கிடக்கிறது. கடைசியில்தான் கை விடுகிறது, வலை தட்டு மாதிரி விரிந்து விழுகிறது. ஸ்விங் வீடியோக்களில் விளக்கி விளக்கிச் சொல்வார்களே, கீழிருந்து மேலாக உடம்பு அவிழ வேண்டும் என்று, அது இதுதான். “கையால வீசுனா வலை விரியாது காக்கா, சுருண்டுதான் விழும்” என்றான். கிளப்பைக் கொடுத்தேன். பிடிக்கத் தெரியவில்லை, கரண்டி மாதிரிப் பிடித்தான். மூன்றாவது வீச்சில் அவன் தடம் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை முன்னால் தொடங்கியது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

மணலிலும் குறை உண்டு. கிளப்பின் நடுவில் பட்டதா என்பது தெரியாது. முகத்தின் வரிப்பள்ளங்களை மணல் தேய்த்துவிடும், உப்பு துருவேற்றும். நல்ல செட்டைக் கொண்டுபோகாதீர்கள், திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கச்சான் காற்று எழும்பிவிட்டால் மணல் முகத்தில் அறையும், கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கரைப்பக்கம் வேலையில்லை. அந்த மாதங்களுக்கு மாடி வலை உதவும், நாளுக்கு முப்பது பந்துக்கு மேல் வேண்டாம். பின்னால் இடித்தால் இடித்ததாகவே தெரியட்டும் என்று மேட்டை எடுத்துவிட்டு, மணல் நிரப்பிய ஆழமில்லாத மரத்தட்டு ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, மைதானத்தில் பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் பந்து கிடக்கும்போது ஒத்திகை வீச்சில் மணலைத் தொட்டால் தண்டனை உண்டு. எங்களைப் போல மணலில் பழகியவர்களுக்குக் கை தானாகத் தொடப் போகும்.

கடலைப் பார்த்து நாலு பந்து அடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கோல்ஃப் பந்து உப்புத் தண்ணீரிலும் மிதக்காது, நேரே அடியில் போய் உட்காரும். ரப்பரும் பிளாஸ்டிக்குமான சாமான் அது. நமக்கு முன்னால் இருப்பது கடற்புல்லும் பவளமும் கடற்பசுவும் உள்ள கடல், 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்த இடம்.

கொடைக்கானல்

கீழக்கரையிலிருந்து மதுரை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். 1895-இல் தொடங்கிய கிளப், 18 குழி. வெளியாட்கள் ஆட என்ன நடைமுறை என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அதே அடி நம் கரையைவிட ஏழெட்டு சதவீதம் கூடப் போகும். ‘ஸ்விங் முன்னேறிவிட்டது’ என்று நானும் ஒரு நாள் முழுக்க ஏமாந்தேன். இன்னொரு பக்கம், சமதரை என்று ஒன்று அங்கே அபூர்வம். பந்து காலைவிட மேலே, கீழே, சரிவில் என்று எங்கேயாவது நிற்கும். காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான்.

ஸ்விங்கைத் திருத்துகிற இடமாக எடுத்துக்கொண்டால் இது காசுக்கு ஆகாது. ஒரு நாள் முழுக்க ஆடினால் நூறு அடி சொச்சம், அதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பட்டிங், அதாவது பந்தைக் குழிக்கு உருட்டிவிடுவது. முழு ஸ்விங் நாற்பது தேறினால் அதிகம். ஆனால் கரையில் பழகியது புல்லில் நிற்கிறதா என்று பார்க்க இதை விட்டால் எனக்கு வழியில்லை. முதல் தடவை பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்த மூத்த கேடி (caddie) மூன்று குழி வரை வாயைத் திறக்கவில்லை. நான்காவதில், “அடிச்சதும் பந்தைப் பாக்காதீங்க சார். அப்படியே நின்னு மூணு எண்ணுங்க. நிக்க முடியலேன்னா அடி தப்பு” என்றார். அன்று நான் ஒரு தடவைகூட மூன்று வரை எண்ணவில்லை. பின்காலில் சாய்ந்துகொண்டே இருந்தேன். மணலில் கோட்டுக்குப் பின்னால் விழுந்த அத்தனை தடத்துக்கும் காரணம் அங்கேதான் பிடிபட்டது.

செல்போன் கோச், புது செட்

இரண்டுக்கும் அதிகம் எழுத ஒன்றுமில்லை. காசு கட்டிச் சேர்ந்த ஒரு இணைய வகுப்பில் என் வீடியோவைப் பார்த்து வந்த பதிலும், துபாயில் இருக்கிற என் மச்சானுக்கு வந்த பதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவன் இடக்கை ஆட்டக்காரன். ஆனால் கேமரா நல்ல சாமான். மெதுவாக ஓட்டிப் பார்க்கிற வசதி இருந்தால் போதும். போனைக் கை உயரத்தில், குறியைப் பார்த்தபடி நமக்குப் பின்பக்கம், கைகள் இருக்கும் கோட்டில் வையுங்கள். அரை அடி தள்ளி வைத்தாலும் சரியான பாதை தப்பாகவும், தப்பான பாதை சரியாகவும் தெரியும். நான் தரையில் செருப்பின்மேல் சாய்த்து வைத்து எடுத்த முதல் இருபது வீடியோவும் குப்பை.

புது செட் வாங்கினால் தூரம் கூடும் என்பார்கள். கூடும். முகத்தின் சாய்வு குறைந்தால் பந்து தூரம் போகும்; இருபது வருஷத்துக்கு முன் ஏழாம் நம்பரின் சாய்வு 34, 35 டிகிரி, இப்போது வருகிற பலவற்றில் 30 அல்லது அதற்கும் கீழே. பழைய ஆறாம் நம்பருக்கோ ஐந்தாம் நம்பருக்கோ ஏழு என்று பேர் போட்ட கதை. என் செட்டில் நான் மாற்றியது கிரிப் மட்டும். பரண் சூட்டில் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. இறுகிய கிரிப்பை வழுக்காமல் பிடிக்கக் கையை இறுக்குவோம், அந்த இறுக்கம் முழங்கைக்குப் போகும். இருபக்க டேப்பும் கொஞ்சம் டர்பன்டைனும் இருந்தால் வீட்டிலேயே மாட்டலாம். எட்டு கிளப்புக்கு ஒரு பிற்பகல் ஆனது.

என் ஏற்பாடு இப்போது இப்படி: காற்று அடங்கிய மாதங்களில் வாரம் மூன்று காலை மணல், தடவைக்கு நாற்பது வீச்சு, பந்து இல்லாமல். கச்சானிலும் மழையிலும் மாடி. கொடைக்கானல் வருஷத்துக்கு இரண்டு தரம், அடுத்தது ஜனவரியில். போன வாரம் இருபதுக்குப் பதின்மூன்று தடம் கோட்டுக்கு முன்னால் விழுந்தது. வீச்சுவலைத் தம்பி எண்ணிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டுதான் என்றான், ஒன்று கோட்டின் மேலேயே விழுந்ததாம். கோட்டில் விழுந்தாலும் கணக்குத்தான் என்று இன்னும் அவனிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.