மண்டபத்தில் ஒருநாள் பெற்றோர் வகுப்பு: ஒரு மதிப்புரை

சிறு குழந்தைகளுக்கும் அவர்களை வளர்ப்போருக்கும் இடையிலான பிணைப்பை உளவியலாளர்கள் எவ்வாறு ஆராய்கிறார்கள் என்பதை விளக்குவதாக அறிவித்து, ஓர் ஆலோசனை மையம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் வகுப்பு நடத்தியது. கட்டணத்துக்குக் குறைவில்லை. ஆனால் முக்கியமான ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள்.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த ‘அந்நியச் சூழல்’ சோதனையைக் காணொளியில் நிறுத்தி நிறுத்திக் காட்டிய விதம் பாராட்டத்தக்கது. ஒரு வயதைத் தொட்ட குழந்தை, பொம்மைகள் கிடக்கும் அறையில் தாயுடன் இருக்கிறது. முகமறியாத பெண் ஒருவர் வருகிறார். தாய் வெளியேறுகிறார், திரும்புகிறார், மறுபடியும் போகிறார். ஏறத்தாழ 20 நிமிடங்களில் எட்டுக் கட்டங்கள். பிரியும்போது குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பியதும் அவரிடம் ஓடி ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடப் போகிறதா என்பதே கவனிக்கப்படுகிறது. தாயைக் கண்டுகொள்ளாமல் பொம்மையைத் திருகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் இதயத் துடிப்பு கூடுவதை 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியதைப் பயிற்றுநர் சொன்னபோது, ‘எங்க பிள்ளை அழவே மாட்டான்’ என்று முன்வரிசையில் பெருமை பேசியவர்கள் அடங்கிப்போனார்கள்.

விடுபட்டது இதுதான்: அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை ஆராய்ந்த ஐன்ஸ்வொர்த்தின் குழுவினர், குழந்தை பிறந்த முதல் ஆண்டு முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கே சென்று, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்கு உட்கார்ந்து, அழுகைக்கு யார், எவ்வளவு விரைவில் எழுந்து வருகிறார்கள் என்பதுவரை குறித்துவைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 72 மணி நேரம். சோதனை அறையில் கண்டதற்குப் பொருள் கொடுத்தது இந்தக் குறிப்புகளே. அதைச் சொல்லாமல், வீட்டிலேயே குழந்தையைச் சோதித்து ‘தவிர்க்கும் வகை’ (திரும்பி வந்த தாயைக் கண்டுகொள்ளாத குழந்தை), ‘தத்தளிக்கும் வகை’ (தாயை நாடியும் தேறாமல் முரண்டு பிடிக்கும் குழந்தை) என்று டிக் அடிக்க ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தது பொறுப்பற்ற செயல். பயிற்சி பெற்றவர்களே பலமுறை பார்த்து முடிவுசெய்யும் விஷயம் அது.

கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு தாய், ‘துபாயில இருக்குற வாப்பாவ போன்ல பாத்தா சிரிக்கிறான், நேர்ல வந்து தூக்குனா அலறுறான், பாசம் இல்லையா மேடம்?’ என்று கேட்டார். பயிற்றுநர் படிவத்தைப் பார்க்கச் சொன்னார்! நாள்தோறும் தூக்கி, ஊட்டி, தேற்றுபவரிடமே பிணைப்பு வளர்கிறது, அது பாட்டியாகவும் இருக்கலாம், தந்தையிடமும் பழகப் பழக உருவாகும் என்று இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். விடியலில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பிள்ளையை மாமியாரிடமோ மூத்த மகளிடமோ விட்டுச் செல்லும் இக்கடற்கரையில், அன்று முழுவதும் ‘தாய்’ என்ற ஒரே ஆளை வைத்துப் பேசியது பொருந்தவில்லை.

மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. கைக்குழந்தையோடு செல்வோர் கவனிக்க: கூடத்தில் தொட்டில் கட்ட இடம் இல்லை. காணொளிப் பகுதி முற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. படிவம் வழங்கும் பிற்பகலுக்கு இருக்க வேண்டிய அவசியம் இல்லை.