நாகர்கோவிலில் ‘குடும்பப் பல் பேக்கேஜ்’: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடத்தி, பிள்ளையின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பி, பிறகு குடும்பத்தையே வரவழைத்துப் பணம் பறிக்கும் பல் மருத்துவமனை ஒன்று நாகர்கோவிலில் இருக்கிறது. எங்கள் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆள் பிடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பெயர் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

என் மகனுக்கு ஏழு வயது. அவன் கொண்டுவந்த சீட்டில் “எட்டுப் பற்களில் சொத்தை, உடனடி சிகிச்சை தேவை” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான்கு வயது மகளுக்கோ இரவில் உண்மையாகவே கடைவாய்ப் பல் வலி. மாமியாருக்கும் பல் செட் லூசாகிவிட்டது. எல்லோரையும் ஒரே இடத்தில் காட்டிவிட்டால் தக்கலையிலிருந்து ஆளாளுக்கு அலைய வேண்டாம் என்று குடும்பமாகப் போனோம். குடும்பங்களின் இந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

உள்ளே நுழைந்ததும் பேனா போன்ற ஒரு கேமராவை மகனின் வாய்க்குள் விட்டு, சுவரில் இருந்த பெரிய டிவியில் காட்டினார்கள். ஈறை ஒட்டிப் பல்லுக்குப் பல் கருப்புக் கோடு. அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் யாருடைய பல்லும் பயமாகத்தான் இருக்கும். “எல்லாமே சொத்தை, அக்கா. அடியில் வரப்போகிற பல்லையும் அரித்துவிடும், வேர் சிகிச்சை செய்ய வேண்டும்” என்றார் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். அவர் மருத்துவரே இல்லை, பேக்கேஜ் பேசி முடிக்க வைத்திருக்கும் ஆள் என்பது பிறகு தெரிந்தது. மாமியார் மட்டும் விடவில்லை. “ஆடுகிற பல்தானே மக்களே, தானே விழுந்துவிடுமே, அதற்கு எதற்கு வேர் சிகிச்சை?” என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்தார், பதில் சொல்லவில்லை. அன்று அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பல் மருத்துவம் அந்தக் கேள்விதான்.

அவர்கள் போட்ட பட்டியல் இது: மகனுக்கு நான்கு முன்பற்களில் வேர் சிகிச்சையும் வெள்ளை கேப்பும். மகளுக்கு வேர் சிகிச்சை. கணவருக்கு, வலியே இல்லாத ஞானப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டும். எனக்குப் பல் காரை சுரண்டும் ஸ்கேலிங்கோடு, சொத்தைக் குழியை நிரப்பும் அடைப்பு மூன்று. மாமியாருக்கு மிச்சமிருக்கும் பற்களையும் எடுத்துவிட்டுப் புதுப் பல் செட். மொத்தம் 68,000 ரூபாய்; இன்றே முன்பணம் கட்டினால் 52,000. நாங்கள் 25,000 கட்டினோம். ரசீதில் “பல் சிகிச்சை - பேக்கேஜ்” என்று ஒரே வரி. யாருக்கு எந்தப் பல்லில் என்ன செலவு என்று பிரித்துக் கேட்டதற்கு, “பேக்கேஜில் அப்படிப் பிரிக்க முடியாது” என்றார்கள்.

மகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அடம்பிடிக்குமாம். அவள் கத்திய கத்தல் வெளியே தெருவரை கேட்டிருக்கும். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஒரே அமர்வில் முடித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். பஸ் வில்லுக்குறியைத் தாண்டும்போது பார்க்கிறேன், பிள்ளை கீழுதட்டை மென்றுகொண்டிருக்கிறாள். கவுனின் கழுத்தெல்லாம் ரத்தம். மரத்துப்போன உதடு என்பதால் அவளுக்கு வலி தெரியவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டால் அதன் வேகம் அடங்கச் சில மணி நேரம் ஆகும், அதுவரை குழந்தை உதட்டையும் கன்னத்தையும் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைச் சொல்லி அனுப்ப அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மகன் கதை இதைவிட வேடிக்கை. வேர் சிகிச்சை செய்த முன்பல் புட்டு தின்னும்போது கையோடு வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மேலே அவர்கள் வைத்த அடைப்பு, கீழே வேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பால் பல் விழும் காலத்தில் அடியில் வரும் நிலைப்பல் அந்த வேரைக் கரைத்துக்கொண்டேதான் மேலே வரும். கரைந்துபோன வேருக்குச் சிகிச்சை செய்து காசு வாங்கியிருக்கிறார்கள்.

மகளுக்கு வைத்த அடைப்பும் விழுந்து, கன்னம் வீங்கியது. அதன்பிறகு மார்த்தாண்டம் பக்கம், குழந்தைகள் பல் மருத்துவத்திலேயே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த ஒருவரிடம் போனோம். அவர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். மகனின் கருப்புக் கோடுகளைப் பார்த்ததும், “இரும்புச்சத்து டானிக் குடிக்கிறானா?” என்று கேட்டார். குடித்துக்கொண்டுதான் இருந்தான். அந்த டானிக் பல்லின் மேல் கறையாகப் படியுமாம். பாலிஷ் போட்டதும் அவ்வளவு சொத்தையும் துடைத்தாற்போலப் போய்விட்டது!

பிறகு மகனின் வாயில் கடைசிப் பல்லைக் காட்டினார். ஆறு வயதுவாக்கில், பால் பல் எதுவும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல் அது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் இதையும் பால் பல் என்றே பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் மெல்லப்போகிற பல். அதன் பள்ளத்தில் உண்மையான சொத்தை தொடங்கியிருந்தது. எட்டுச் சொத்தை கண்ட முகாம் சீட்டில் அந்தப் பல் இல்லவே இல்லை. சிறிய அடைப்போடு அதைக் காப்பாற்றிவிட்டார். மற்றப் பக்கங்களில் இருந்த அதே வகைப் பற்களின் பள்ளங்களைச் சொத்தை பிடிக்காமலிருக்கப் பூசி மூடினார்.

பால் பல்லுக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். என் மகளுக்கு அதுதான் நடந்திருக்கும். முறையாகச் செய்திருந்தால் நின்றிருக்கக்கூடிய பல்லை, சீழ் பிடித்ததால் பிடுங்க வேண்டியதாயிற்று. இப்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கிறார்கள்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையில் திரைக்குப் பின்னால் ஒரு ட்ரேயில் ஏதோ திரவத்தில் ஊறிக்கொண்டிருந்த கருவிகளை அப்படியே எடுத்து அடுத்தவர் வாயில் வைத்தார்கள். ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் இயந்திரத்தில் 121 டிகிரியில் நீராவி அழுத்தத்தில் வைத்த கருவி உறைக்குள் இருக்கும், உறையின் மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கும், அதை நம் கண்முன்னே கிழித்துத் திறக்க வேண்டும். இது மிகையான பயம் இல்லை. 2023-இல் வாணியம்பாடிப் பகுதியில் மூளையைத் தாக்கிய பாக்டீரியா தொற்றில் எட்டுப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். கிருமி நீக்காத கருவியால் திறந்த சலைன் பாட்டில்மீதுதான் ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பேக்கேஜ் பணம் திரும்பாது” என்றார்கள். சிகிச்சைக் குறிப்பைக் கேட்டபோது அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். மருத்துவர்களின் கட்டணச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருந்த அந்த ஒரு வரி ரசீது, முகாம் சீட்டு, புது மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே, விழுந்த பல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குத் தனியாக எழுதியிருக்கிறோம். கவுன்சிலின் பதிவு எண் மருத்துவர் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். எங்கள் சீட்டில் பெயர்கூட இல்லாமல் வெறும் கிறுக்கல்தான் இருந்தது.

இந்த மாதம் கருங்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றிலும் அதே சிவப்பு மைச் சீட்டுகள் வந்திருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். உங்கள் பிள்ளையும் கொண்டுவந்தால், எந்தப் பல், அது பால் பல்லா நிலைப்பல்லா, விழ இன்னும் எவ்வளவு காலம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் சீட்டை எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.