தனி நங்கூரமா, பொது நங்கூரமா?

கடலூர், புதுச்சேரிக்கு எதிரே கடலடியில் பள்ளத்தாக்குகளே இருக்கின்றன. அப்படி ஆழமான இடத்தில் காற்றாலை என்றால் மிதவைமேல் நிற்க வைப்பதுதான் வழி. மிதவைக்கு நங்கூரம் வேண்டும். செலவு எகிறுவது இரும்பால் மட்டுமல்ல, அதை இறக்கும் கப்பலின் நாள் வாடகையாலும்தான்.

தனி நங்கூரம் பழகிய வழி. ஒரு காற்றாலைக்குக் குறைந்தது மூன்று கொக்கி நங்கூரம். கப்பல் இழுக்க, மண்ணைக் கிழித்து இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விலை மலிவு. ஆனால் இழுத்த திசையில்தான் தாங்கும், அதனால் பக்கத்துக் காற்றாலையோடு பகிர முடியாது.

பொது நங்கூரம் என்றால் அடி திறந்த பெரிய இரும்பு டிரம். தன் எடையில் கொஞ்சம் புதையும். அப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்பு வெளியேற்ற, கடலின் அழுத்தமே அதைக் களிமண்ணுக்குள் தள்ளிவிடும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும், அதனால் ஒன்றையே பல காற்றாலைகள் பகிரலாம். நார்வேயின் ஹைவிண்ட் டாம்பன் என்ற மிதவைக் காற்றாலைப் பண்ணையில் 11 காற்றாலைகளை 19 நங்கூரங்கள் பிடித்திருக்கின்றன. தனித்தனியாக என்றால் 33 வேண்டும். கப்பல் வேலை எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

சரி, சிக்கல்? ஒரு நங்கூரம் பெயர்ந்தால் இரண்டு மூன்று காற்றாலைகள் ஆட்டம் காணும். 2011 தானே புயலைப் பார்த்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. பாறையில் டிரம் இறங்கவும் செய்யாது.

என் ஓட்டு: ஒன்றிரண்டு காற்றாலைகளில் வெள்ளோட்டம் என்றால் தனி நங்கூரம், பத்துக்கு மேல், அடியில் களிமண் என்றால் பொது நங்கூரம்.