பழைய வீட்டுப் படத்தை ‘நான்கு பருவத்திலும்’ மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: என் 18,500 ரூபா போச்சு

ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். பழைய வீட்டுப் படங்களைப் பருவத்துக்கு ஏற்றபடி ஓவியம் மாதிரி மாற்றித் தரும் ஒன்லைன் கடை ஒன்று என்னிடம் 18,500 ரூபாவை வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறது.

திருகோணமலையில் திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் இருந்த அம்மம்மாவின் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். விறாந்தை, கிணறு, வேம்பு எல்லாம் தெரிகிற படம் ஒன்றுதான் மிச்சம். அம்மாவுக்குக் கொடுக்க நான்கு கேட்டேன்: சித்திரை வெயில், ஆடிக் கச்சான் காற்று, கார்த்திகை மாரி, மார்கழி விடியல். எங்கட ஊரில் பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான் என்றும் விளக்கமாக எழுதினேன்.

அந்தக் கடைப் பொடியன் குரல் பதிவில் கேட்டான்: “அக்கா, மழைத்தண்ணி எந்தப் பக்கத்தால வடியும்? பீலி இருந்ததா?” இப்படிக் கேட்கிறவனை யார்தான் நம்பமாட்டார்கள்? தகரப் பீலியால் கிணற்றடிப் பக்கம் கொட்டும், கீழே வாளி வைப்போம் என்றேன். “அப்பிடியே கொண்டுவாறன் அக்கா.” அன்றிரவே முழுக் காசையும் வங்கியில் போட்டேன்.

வந்ததைக் கேளுங்கள். ஆடிப் படத்தில் வேம்புக்கு மேப்பிள் இலை, செக்கச்செவேலென்று. மார்கழியில் ஓட்டின்மேல் ஐரோப்பாக் கணக்கில் வெண்பனி குவிந்திருக்கிறது. கூரையில் புகைபோக்கி வேறு முளைத்திருக்கிறது! மாரிப் படத்தில் கோடு கோடாய் மழை, ஆனால் முற்றத்து மண் காய்ந்து கிடக்கிறது, பீலியில் ஒரு சொட்டு இல்லை. கிணறு இருந்த இடத்தில் பூச்சாடி. விறாந்தைத் தூணின் நிழல் நான்கிலும் ஒரே இடத்தில். எங்கட ஊரில் ஆடி மாத மத்தியான வெயில் வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் தெற்கே. அதையெல்லாம் யார் பார்த்தது? ஆயத்தமாய் இருந்த வெளிநாட்டுப் பருவங்களை ஒரு பொத்தானில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

16க்கு 12 அங்குலத்தில் அச்சடிக்கலாம் என்றார்கள். வந்த கோப்பு 1024க்கு 768 பிக்சல். அங்குலத்துக்கு 64தான் வரும். கையில் வைத்துப் பார்க்கிற நல்ல அச்சுக்கு 300 வேண்டும்.

கேட்டால் முதலில் “டிசைனருக்குக் காய்ச்சல் அக்கா.” அப்புறம் “கலை எண்டா கொஞ்சம் கற்பனை இருக்கும்தானே.” கடைசியில், டிஜிட்டல் வேலைக்குக் காசு திருப்பித் தருவதில்லையாம். அவர்களின் பக்கத்தில் கேட்டு எழுதினேன். அதை அழித்து, என்னையும் தடுத்துவிட்டார்கள். 18,500 ரூபா!

எப்படித் தப்புவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முழுக் காசையும் முன்னே போடாதீர்கள். அவர்களின் மாதிரிப் படத்தை விடுங்கள், உங்கள் படத்திலேயே ஒரு மூலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிக்சல் அளவை எழுத்தில் வாங்குங்கள். மூலப்படத்தைக் கொடுக்கவே வேண்டாம், ஸ்கேன் போதும். வங்கிச் சிட்டையை எறியாதீர்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. நாளைக்குக் காலையில் எடுக்கப்போகிறேன்.