கடைசல் வேலையின் அடியில் பெயர்: பேனாவா, சூட்டுக்கோலா, லேசரா?

மரக் கிண்ணத்தைக் கடைந்து, தேய்த்து, பாலிஷும் போட்ட பிறகு பலர் அதன் அடியை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்த மண்தட்டுகளின் சில்லுகள் பட்டறை முத்திரையோடு கிடைத்தன. அந்த ஊரின் காலத்தைக் கணிக்க அவை உதவின. நம் வேலையிலும் பெயர் நிற்க வேண்டும். எதால் எழுதுவது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலோர் கை முதலில் போவது மார்க்கர் பேனாவுக்கு. மலிவு, கையெழுத்து அப்படியே விழும். சங்கடம் பாலிஷ் போடும்போதுதான் தெரியும். சாதாரண பெர்மனென்ட் மார்க்கரில் இருப்பது ஸ்பிரிட்டில் கரையும் சாயம். அரக்கு பாலிஷும் ஸ்பிரிட்டில் கரைத்ததுதானே? பஞ்சை ஒரு தரம் இழுத்தால் பெயரும் கூடவே இழுபடும். லேக்கரில் கலக்கும் தின்னரும் அதையே செய்யும். தப்பிப் பிழைத்தாலும் வெளிச்சத்தில் நாளாக ஆக வெளுக்கும். பேனாதான் வேண்டுமென்றால் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்தூள் கலந்த மை, உள்ளதை வாங்குங்கள். கரி கலந்த கறுப்பு மை வெளுக்காது. வெற்று மரத்தில் எழுதினால் மை நார்வழியே பரவும். மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு கோட்டு அடித்து, காய்ந்ததும் மெல்லத் தேய்த்து, அதன்மேல் எழுதுங்கள்.

என் தேர்வு சூட்டுக்கோல். சாதாரண சால்டரிங் அயர்ன் இல்லை, சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, மின்சாரத்தில் சூடாகும் நிக்ரோம் கம்பி முனை வைத்தது. எழுத்து மரத்துக்குள்ளேயே கருகி இறங்குவதால் எண்ணெய், அரக்கு, மெழுகு எது போட்டாலும் அசையாது. ஆனால் கை பழக வேண்டும். தேக்கில் எழுதிப் பாருங்கள்: மரத்தின் வளர்ச்சி வளையத்தில் இளகிய வரியில் முனை அமுங்கிக் கரும்புள்ளி விழும், கெட்டி வரியில் துள்ளிப் போகும். ‘ழ’வின் வாலும் ‘ணி’யின் சுழியும் நாரின் குறுக்கே திரும்பும் இடத்தில்தான் கோணும். அழுத்தாமல், சூட்டைக் குறைத்து, ஒரே கோட்டை இரண்டு தடவை இழுப்பது நல்லது. முனையை ஊன்றி நிறுத்தினால் குழி விழும்.

பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு இன்னொரு கவனம். புதிதாகக் கடைந்தபோது மஞ்சளாக மின்னும் பலா, வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பாகும். இன்று அழகாகத் தெரியும் இளம்பழுப்புச் சூடு, பிறகு மரத்தோடு கலந்துவிடும். கறுப்பாகவே சுடுங்கள். எந்த மரமானாலும் பாலிஷுக்கு முன்னாலேயே சுடுங்கள். பாலிஷ் கருகி வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது.

ஈட்டி, கருங்காலி போன்ற கருத்த மரங்களில் சூடு தெரியவே தெரியாது. அங்கே சிறு ரோட்டரி மெஷினில் கீறி, கீறலில் தங்க நிற மெழுகைத் தேய்த்துத் துடைப்பதுதான் வழி.

முத்திரை அச்சு, அதாவது பெயரைப் பித்தளையில் வெட்டிக் காய்ச்சி ஒற்றுவது, ஒரே மாதிரி நிறைய செய்பவர்களுக்குச் சரி. தமிழில் வெட்டக் கொடுத்தால் எழுத்தைப் பெரிதாக வையுங்கள்; சின்ன எழுத்தின் சுழிகள் கருகி அடைத்துக்கொள்ளும். கிண்ணம் ஆடாமல் உட்கார அடியை லேசாகக் குழித்துக் கடைகிறோம் இல்லையா, அந்தக் குழியில் தட்டையான அச்சு ஓரத்தில் மட்டுமே படும். நடுவில் காசு அளவாவது சமதளம் விட வேண்டும்.

லேசர் துல்லியமானது, பொடி எழுத்தும் தெளிவாக விழும். நினைவுப் பரிசு ஆர்டர்களுக்கு அதை மிஞ்ச வேறில்லை. ஆனால் எல்லாத் துண்டிலும் ஒரே அச்சாக விழும் பெயரில் செய்தவர் கை தெரிவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடைபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். கழுவிப் புழங்கும் பாத்திரத்தில் அது நிற்காது.

பெயரோடு மரத்தின் பெயர், ஆண்டு, ஊர் மூன்றும் இருக்கட்டும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூர் பக்கம் சாய்த்த பலாவிலோ முந்திரியிலோ செய்ததென்றால் அதையும் எழுதுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது மரம் எங்கிருந்து வந்தது என்றுதான். பம்பரம், சப்பாத்திக் கட்டை போன்றவற்றில் அத்தனைக்கும் இடமில்லை. பம்பரத்தின் தலையிலோ கட்டையின் கைப்பிடி முனையிலோ முதலெழுத்தை மட்டும் சூட்டுக்கோலால் போட்டால் போதும்.