பிள்ளை வாசிப்பது எந்த நாற்காலிக்குக் கேட்கும்?

என்னிடம் படித்து, இன்று திருமங்கலம் பக்கம் பட்டதாரி ஆசிரியராக இருக்கும் ஒரு பெண் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். "பள்ளி நிர்வாகத்துக்குள் போகலாம் என்று நினைக்கிறேன் ஐயா, எந்த வழியில் போகட்டும்?" என்று கேட்டாள். பிள்ளைகள் நிஜமாகவே கற்றுத் தேற வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு உண்டு. ஆகவே சம்பளத்தை ஒதுக்கிவிட்டு அந்தத் தவிப்பையே தராசாக வைத்துப் பேசினோம்.

தனியார் மெட்ரிக் பள்ளி முதல்வர் பதவி சீக்கிரம் கைக்கு வரும். பணிமூப்புப் பட்டியல் கிடையாது. கால அட்டவணையை ஒரே நாளில் மாற்றலாம், பாடம் எடுக்கத் தெரியாதவருக்குப் பதில் வேறொருவரை அமர்த்தலாம். ஆனால் கடைசிச் சொல் தாளாளருடையது. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை கட்டும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே முதல்வராக உட்கார என் மனம் ஒப்பாது.

வட்டாரக் கல்வி அலுவலர் பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி நேரடியாகப் போகலாம். 2023-இல் மாநிலம் முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் 33. சேடப்பட்டி, கொட்டாம்பட்டி போன்ற ஒன்றியத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அவர் பொறுப்பில் வரும். தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்க 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வகுப்பறையில் நடக்கிறதா, பதிவேட்டில் மட்டும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் அவர்தான். சம்பளப் பட்டியலும் விடுப்பு விண்ணப்பமும் வழக்குக் கோப்பும் அவரை மேசையோடு கட்டிப்போட்டுவிடும். அதையும் மீறி வகுப்பறைக்குப் போன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தவர் நேரே மூன்றாம் வகுப்புக்குப் போய்த் தரையில் அமர்ந்து ஒரு சிறுவனை வாசிக்கச் சொன்னார். அடுத்த முறை அவர் வருகிறார் என்றதும் ஆசிரியர்கள் பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பழக்கினார்கள்.

என் மனம் சாய்வது நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பக்கம். உயர்நிலைப் பள்ளியில் தை பிறந்தால் பத்தாம் வகுப்பைத் தவிர வேறு பேச்சில்லை. 35 மதிப்பெண்ணைத் தாண்ட வைக்கும் சிறப்பு வகுப்பிலேயே ஆண்டு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கோ இன்னும் காலம் இருக்கிறது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கத் தலைமை ஆசிரியரால் முடியாது. ஆனால் இருப்பவர்களில் மிகச் சிறந்தவரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப முடியும். முதல் பாடவேளையை வாசிப்புக்கென்றே ஒதுக்க முடியும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவும் பக்கத்தில் நிற்கும். ஊர் ஒரு பள்ளியைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஒத்தக்கடை அருகிலுள்ள கொடிக்குளத்தைப் பாருங்கள். அங்குள்ள நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காக ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடையாகக் கொடுத்தார். அந்தச் செய்தி 2024 ஜனவரியில் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இந்த வழியின் குறை, காத்திருப்பு. மதுரையில் ஒன்றியப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என நிர்வாகங்கள் பல. எதில் சேர்ந்தோமோ அங்கேதான் பணிமூப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) குறுக்கே நிற்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுகூட இல்லாதவர்கள் அதில் தேறாமலேயே பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் அதில் தேறியாக வேண்டும்.

அவளிடம் இப்படிச் சொன்னேன்: "தகுதித் தேர்வு முடிந்துவிட்டதா, நல்லது. வட்டாரக் கல்வி அலுவலர் தேர்வையும் எழுதம்மா. ஆனால் எப்போதாவது வரும் அந்தச் சில இடங்களை நம்பி, உன் ஆறாம் வகுப்பை விட்டுவிட்டு நீண்ட விடுப்பில் பயிற்சி மையத்தில் போய் உட்காராதே. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தும் பதவி உயர்வில் அந்தப் பதவிக்குப் போகலாம்."