செல்டிக்ஸா, லேக்கர்ஸா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் தலைசிறந்த அணி எது என்ற வாதம் பெரும்பாலும் பாஸ்டன் செல்டிக்ஸிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸிலும்தான் வந்து நிற்கும். பட்டக் கணக்கில் 18க்கு 17 எனச் செல்டிக்ஸ் முந்துகிறது. அந்தப் பதினேழிலும் ஐந்து, லேக்கர்ஸ் மினியாபொலிஸில் இருந்த காலத்தவை. ஆனால் பில் ரசல் ஆடிய செல்டிக்ஸ் அணி 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 பட்டங்களை அள்ளியபோது லீகில் பெரும்பாலும் எட்டு ஒன்பது அணிகளே இருந்தன என்பதையும், 1986க்குப் பின் அடுத்த பட்டத்துக்குப் பாஸ்டன் 2008 வரை காத்திருந்தது என்பதையும் வெறும் எண்ணிக்கை மறைத்துவிடுகிறது. லேக்கர்ஸோ மேஜிக் ஜான்சன், கோபி பிரயன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எனத் தலைமுறைதோறும், அணிகள் பெருகிவிட்ட லீகில் வென்றது. தொடர்ச்சியே அளவுகோல் என்றால் என் வாக்கு அதற்கே.

நேருக்கு நேர் மோதிய 12 இறுதித் தொடர்களிலோ ஒன்பது பாஸ்டனுக்கு. 1969இல் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்துக்கு முன்பே லேக்கர்ஸ் தரப்பு வெற்றிக் கொண்டாட்டத்துக்கென அரங்கின் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருக்க, செல்டிக்ஸ் 108-106 என வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருது மட்டும், விசித்திரமாக, தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்குப் போனது. 1966இல் ரசலை நியமித்து, லீகின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரைத் தந்ததும் பாஸ்டன்தான்; பட்டப் பட்டியலில் வராத இதையும் நான் கணக்கில் சேர்ப்பேன்.